கீரைக்குப் பயந்த நாட்கள்

2025 ஜூன் 3, செவ்வாய்

இன்றும் பாலக்கீரை. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து வீடு வந்ததிலிருந்து இவருக்கு என் உடம்பைத் தேற்றும் கவலைதான். அடுப்படிப் பக்கமே வராத மனுஷன், ரயில் ஓட்டிவிட்டு வந்த கையோடு போத்தனூர் கடையில் கீரை வாங்கி, தானே அரிந்து, பருப்புப் போட்டுக் கடைகிறார். "இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் எல்லாம் இருக்குதாமா. கண்ணுக்கும் நல்லது. சாப்புடு ராணி." எப்படி வேண்டாம் என்பது? இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

ரத்தப் பரிசோதனை சரியில்லை. வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினமும் போடும் மாத்திரை, போதுமான அளவு வேலை செய்யவில்லையாம். ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர் லாஸ்யா கேட்டார்: "புதுசா கீரை ஏதாச்சும் சேத்துனீங்களா?"

இவர் பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கீரையில் வைட்டமின் கே நிறைய. ரத்தம் உறைய உதவுவதே அதுதானாம். மாத்திரைக்கு எதிராகப் போய்விட்டது. வால்வில் ரத்தக்கட்டி வந்தால் பக்கவாதம்கூட வரலாம் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. மாத்திரையைக் கூட்டினார். கீரையைப் பற்றி மேலும் ஏதோ சொன்னார் — மனதில் ஏறவில்லை.

ஜூன் 7, சனி

வேலைக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் நின்று, "நானே உன்னையக் கொன்னுருப்பேன் போல," என்றார்.

என்ன பேச்சு இது.

ஜூன் 10, செவ்வாய்

ரசத்தில் கிடந்த கொத்தமல்லித் தழையைக்கூடப் பொறுக்கி எறிந்தேன். முருங்கை, முட்டைக்கோஸ், எதுவும் வேண்டாம். வெறும் தயிர்சோறு. நெஞ்சுக்குள் வால்வு டிக் டிக் என்கிறது. இப்போது ஒரு சத்தம் தவறியதா? உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பல் விளக்கினால் ரத்தம். துப்பத் துப்ப நிக்க மாட்டேங்குது. இடிக்காமலே முழங்கையில நீலம். கர்த்தாவே, ஒரு தழைகூடத் தொடலையே நான்!

ஜூன் 14, சனி

நேற்றே ஓடினோம். இப்போது நேர்மாறாக, ரத்தம் உறையும் வேகம் மிகவும் குறைந்துவிட்டதாம். மாத்திரையைக் கூட்டிய நேரத்தில் கீரையை அடியோடு விட்டது என் வேலை.

"கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னனுங்களே," என்றார் டாக்டர். "கீரை நல்லதுதானுங்க. எப்பவும் ஒரே அளவாச் சாப்புடுங்க. அதுக்குத் தக்கன மாத்திரைய நான் வெக்கறேன்."

மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார். திங்களன்று மறுபடி ரத்தம் பார்த்துச் சொல்வார். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 18, புதன்

திங்களன்று ரத்தம் பார்த்துவிட்டு, மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று இவரைக் கீரை வாங்கி வரச் சொன்னேன்.

"வேண்டாம் ராணி. என் கையால வேண்டாம்."

கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, வேணும்னா செஞ்சீங்க? எனக்கும் பயந்தானுங்க. நீங்களும் இப்படி உக்காந்துட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு கட்டுக் கீரையோடு வந்தார். சேர்ந்து உட்கார்ந்து ஆய்ந்தோம்.

ஜூலை 6, ஞாயிறு

மூன்று தடவையாக ரிப்போர்ட் ஒரே சீராக இருக்கிறது. இனி மாதம் ஒருமுறை வந்தால் போதுமாம்.

சர்ச்சிலிருந்து வந்து கீரை கடைந்தேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இவர் கண் என் தட்டிலேயே இருந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு பகலில் இவர் கண் மூடி நான் பார்த்ததில்லை.

குறட்டை பலமாக இருக்கிறது. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.