ஏழு பவுண்டு

கடப்பாக்கம்
12.8.1976

அன்புள்ள மச்சானுக்கு,

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நமக்கு மகள் பிறந்திருக்கிறாள். ஏழு பவுண்டு எடை. மாமி எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார்கள்.

நான் சுலைமானை டாக்டரம்மா முன்னால் நிறுத்தினேன். ஆறு வயதாகியும் நம் பிள்ளை இரண்டு வயதுக் குழந்தையின் உயரம்தான். அவன் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கவில்லை என்று போன வருடம் சொன்னவரும் அவர்தான்.

"இவன் தங்கச்சி முழு எடையில பொறந்துகீதே, அதுக்கு ஒண்ணும் வராதில்ல?" என்று கேட்டேன்.

"வயித்துல வளர அந்த ஹார்மோன் அவ்வளவா தேவையில்லம்மா. சுலைமானும் முழு எடையிலதானே பொறந்தான்? ஒரு வருஷம் போனாதான் சொல்ல முடியும்."

இதை மாமியிடம் சொல்லவில்லை.

பெண் பிறந்தால் ஒரு வயதுக்கான கவுன் வாங்கி அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம், மச்சான். அளவை நான் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மனைவி