இரட்டைத் தகரத்துள் நின்ற சுடர்

மாப்பிள்ளை,

இன்று காலை ஆனிக்காற்று பூசையறை வரைக்கும் வந்துவிட்டது. முருகன் படத்தின் முன் ஏற்றிய விளக்கு, நான் கைகூப்பிக் கண்மூடித் திறப்பதற்குள் அணைந்துபோயிற்று. என் தங்கை மரகதம், உங்கள் மனைவி, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தப் பழைய தகரவிளக்கை எடுத்துத் துடைத்து, நெய் வார்த்து ஏற்றி வைத்தாள். சற்று நேரத்தில் காய்ந்த தகரமும் ஊத்துக்குளி நெய்யும் கலந்த அந்த மணம் எழுந்தது. அதன்பின் தோத்திரம் நாவில் நிற்கவில்லை. நீங்கள் வந்து எதிரே அமர்ந்துவிட்டீர்கள்.

பெண் பார்க்க நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இப்படியோர் ஆனியில்தான். விமானப்படையில் எஞ்சின் பிரிவில் பணியாற்றிய நீங்கள் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தீர்கள். ஆடி பிறந்துவிட்டால் பேச்செடுக்கலாகாது என்று பெரியவர்கள் அவசரமாக நாள் குறித்தார்கள். வீரபாண்டியில் எங்கள் வீட்டின் முன்கூடத்தில் பனியன் துணி பின்னும் இயந்திரங்கள் இருந்தன. அன்று அவற்றுக்கு ஓய்வு. அதுவரை வந்த வரன்களுக்கெல்லாம் ஏதேனும் குறை சொன்ன மரகதம், உங்கள் நிழற்படத்தைப் பார்த்தபின் ஒன்றுமே சொல்லாதிருந்தாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

உங்கள் தாயார் நெய் நிறைந்த தூக்குப்பாத்திரத்தோடு முன்னே வந்தார்கள். பின்னால் நீங்கள் வாசற்படியில் வலக்காலை வைத்தீர்கள். அந்தக் கணத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே புறப்பட்டு வந்த காற்று உங்களை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்து, குத்துவிளக்கின் எல்லா முகங்களையும் ஒருசேர அணைத்தது. என் தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தந்தையாரின் முகம் இறுகியது. சகுனம் பார்ப்பதில் அவர் மலைபோன்றவர். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்னும் சொல் அவர் உதடு வரை வந்துவிட்டதை நான் கண்டேன். கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் ஒலி எழுந்து நின்றது. நீங்களோ சிரித்துவிட்டீர்கள்.

“வெளக்கு அணைஞ்சதுக்குச் சிரிக்கறீங்களே?” என்றார் தந்தையார்.

“தப்பா நெனைக்காதீங்க மாமா. எம்பட வேலையே இதுதானுங்க. பெருங்காத்துக்குள்ள நெருப்பு அணையாம எரியுதான்னு பாக்கறதுக்குத்தான் எனக்குச் சோறு போடறாங்க.”

‘மாமா’ என்றழைக்க உங்களுக்கு இன்னும் உரிமை வந்துவிடவில்லை என்பதைத் தந்தையாரின் புருவம் தெரிவித்தது. ஆயினும் அவர் இயந்திரங்களோடு வாழ்ந்தவர். கோபத்தையும் மீறி அவருக்கு ஆவல் பிறந்தது. புயலுக்குள் தீ எப்படி நிற்கும் என்று கேட்டார்.

அன்று நீங்கள் சொன்னதை என்னால் இன்றும் வரிசை பிறழாமல் சொல்ல முடியும். ஜெட் எஞ்சினின் முன்புறத்துச் சக்கரங்கள் காற்றை உறிஞ்சி நெருக்கி உள்ளே தள்ளுகின்றன. அந்த வேகத்தில் எந்தச் சுடரும் நில்லாது. ஆதலால் முதலில் வழியை அகலமாக்கிக் காற்றைச் சற்று நிதானப்படுத்துகிறார்கள். பிறகு அதைப் பிரிக்கிறார்கள். ஒரு சிறு பங்கு மட்டுமே, சாய்ந்த தகடுகளின் இடையே சுழன்றபடி, எரிபொருள் தூவப்படும் இடத்துக்குள் நுழைகிறது. சுழலும் காற்று நடுவில் பின்னோக்கித் திரும்புகிறது. ஆற்றுச் சுழியில் அகப்பட்ட இலை கீழே போகாமல் அங்கேயே வட்டமிடுவது போல, சுடர் அந்தத் திருப்பத்தில் குடியிருக்கிறது. பொறி கொடுப்பது தொடக்கத்தில் மட்டுமே. அதன்பின் எரிந்துகொண்டிருக்கும் தீயே புதிதாய் வரும் எண்ணெய்த் தூவலைப் பற்றவைத்துக்கொள்கிறது.

கேட்டுக்கொண்டிருந்த தந்தையார் எழுந்து நின்று, அப்படியானால் இந்தக் காற்றில், இந்த வாசற்படியில், ஒரு விளக்கை நிறுத்திக் காட்டுங்கள், நின்றால் மேற்கொண்டு பேசலாம் என்றார். உங்களுக்கு அது விடுகதைபோல் இனித்திருக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காலியான பால்பவுடர் டப்பாக்களும், ஆணியும், சுத்தியலும், தகரம் வெட்டும் கத்திரியும் கேட்டீர்கள்.

முதல் முயற்சியில் துளைகள் போதவில்லை. உங்கள் தாயார் கொணர்ந்த நெய்யை ஊற்றி ஏற்றிய திரி, சிவந்து, புகைந்து, மூச்சுத்திணறி அவிந்தது. அடுத்து, திரிக்கு நேராகவே துளைகளிட்டீர்கள். காற்று நேரே பாய்ந்து ஊதி அணைத்தது. பெண்ணுக்காகச் செய்த கேசரி ஆறிக்கொண்டிருந்தது. உங்கள் தாயார் பொறுமையிழந்து என் தாயாரிடம் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு அடங்குவதில்லை.

“எம்பட பையன் பொண்ணு பாக்க வந்தானா, ஈயம் பூச வந்தானான்னு தெரியலீங்களே.”

என் தாயார் அன்று முதன்முதலாகச் சிரித்தார்கள்.

அடுத்த டப்பாவில் நீங்கள் துளையிடவில்லை. திரிக்குக் கீழே தகரத்தைச் சாய்வாகக் கீறி, சிறு நாக்குகளாக ஒரே பக்கம் மடித்தீர்கள். மேலே அகன்ற துளைகள். வாசற்படியில் வைத்தபோது சுடர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. பிறகு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றது. காற்று கதவை அடித்தது, கோலப்பொடியை வாரிக்கொண்டு போனது; சுடர் நின்றது. தந்தையார் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்க்க முனைந்து, விரலைச் சட்டென்று உதறிக்கொண்டார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து மரகதத்தின் குரல் வந்தது.

“சொடரு நிக்குதுங்க. டப்பா காயுதே, அதை ஆருங்க கையில புடிப்பாங்க?”

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கேள்வி கேட்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. தந்தையார் திரும்பிப் பார்த்தார். உங்கள் முகத்திலோ, சுடர் நின்றபோதும் காணாத ஒளி.

“அதைத்தானுங்க எஞ்சின் செஞ்சவங்களும் யோசிச்சு யோசிச்சுக் கெடந்தாங்க,” என்று கதவைப் பார்த்தே சொன்னீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் தீ, தன்னைச் சூழ்ந்த உலோகத்தையே உருக்கிவிடும் வெம்மையுடையது. ஆகவே அங்கே ஒரு கலத்துக்குள் இன்னொரு கலம். இரண்டுக்கும் இடையில் தீயோடு சேராத காற்று ஓடுகிறது. அது உட்கலத்தின் துளைகள் வழியே மெல்ல நுழைந்து, சுவரை ஒட்டிக் குளிர்ந்த திரையாகப் படிகிறது. பிறகு வெந்த வாயுவோடு கலந்து, பின்னால் சுழலும் சக்கரங்கள் தாங்குமளவுக்கு அதை ஆற்றி அனுப்புகிறது. “வர்ற காத்துல கொஞ்சந்தானுங்க நெருப்புக்கு. மீதியெல்லாம் பாத்திரத்தைக் காப்பாத்தறதுக்கு” என்று முடித்தீர்கள்.

கதவு திறந்தது. சாயப்பவுடர் வந்த பெரிய டப்பா ஒன்றை ஏந்திக்கொண்டு மரகதமே வெளியில் வந்து உங்கள் முன் வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் அதன் அடியிலும் மூடியிலும் வழி திறந்து, சிறிய டப்பாவை நடுவில் நிறுத்திக் கம்பியால் பிணைத்தீர்கள். காற்று இரண்டுக்கும் இடையில் புகுந்து மேலேறியது. உள்ளே சுடர், வெளியே கை வைக்கத்தக்க தகரம். தந்தையார் இரு கைகளாலும் அதைத் தூக்கி நெடுநேரம் பார்த்தார். ஆனாலும் மனத்தின் முள் போகவில்லை. என்னிடம் திரும்பினார். நான் வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் புராணம் சொல்பவன் அல்லவா?

“எல்லாஞ் சரி. மொதல்ல அணைஞ்சது அணைஞ்சதுதானே? சாத்திரம் என்ன சொல்லுது?”

முருகன் திருவவதாரத்தை நினைவூட்டினேன். நெற்றிக்கண்ணில் தோன்றிய பொறிகளைக் காற்றின் தேவனும் தீயின் தேவனும் சுமந்தும் தாங்கமாட்டாது தவித்தார்கள், குளிர்ந்த சரவணப் பொய்கை தாங்கியது, குழந்தை பிறந்தான். தீயைத் தாங்கக் குளிர்ந்த கலம் வேண்டும் என்று இன்று இந்த வீட்டில் கேட்டவள் நம் பெண் என்றேன். சொல்லிக்கொண்டே உங்களைப் பார்த்தேன். டப்பாவில் ஒட்டியிருந்த சாயம் வியர்வையில் கரைந்து, உங்கள் உள்ளங்கைகள் இரண்டும் கடும் நீலமாகியிருந்தன.

“அய்யா, அவிங்க கையைப் பாருங்க. மயிலே நேர்ல வந்து நிக்குதுங்க,” என்றேன்.

தந்தையார் பார்த்தார். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. தாம்பூலத் தட்டை அந்த நீலக் கைகளில்தான் கொடுத்தார். ஆறிய கேசரியையும் அந்தக் கைகளாலேயே உண்டீர்கள். முகாமுக்குத் திரும்பியபோது, ஊரில் என்ன செய்துவிட்டு வந்தாய் என்று உடனிருந்தோர் கேட்டதாகவும், சுடர் நிறுத்திப் பெண்ணை வென்றேன் என்றதாகவும் பின்னர் எழுதியிருந்தீர்கள்.

படையிலிருந்து ஓய்வுபெற்று இங்கேயே வந்துசேர்ந்த பிறகு உங்களுக்கு எஞ்சின் கிட்டவில்லை. என் முன்கோபம் கிட்டிற்று. கோயில் கூட்டத்தில், காவடி வரிசையில் யார் முன்னே நிற்பது என்று நான் குரலை உயர்த்திய நாளில், நீங்கள் அருகில் வந்து காதோடு சொன்னீர்கள்: “மச்சான், காத்துப் பூராவும் நெருப்புக்கே போவுதுங்க.” கூட்டத்தார்க்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே அமர்ந்துவிட்டேன். அன்றுமுதல் அதுவே எனக்கு உபதேசம்.

பழைய வகை எஞ்சின்களில் இத்தகைய கலங்கள் பல, வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். பொறி கொடுக்கும் கருவி சிலவற்றில்தான் இருக்கும். மற்றவை இணைப்புக் குழாய் வழியே அண்டைக் கலத்திலிருந்து தீயைப் பெற்றுக்கொள்ளும் என்றும் ஒருநாள் சொன்னீர்கள். சென்ற தையில் நீங்கள் இறைவனடி சேர்ந்தபின் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அதுதான். என்னிடம் உள்ள நிதானம் என் பொறியால் பற்றியதன்று, உங்களிடமிருந்து வந்தது.

இன்று காலை, கண்கள் கலங்கியதை மறைக்க, “காயுதா கண்ணு?” என்று மரகதத்திடம் கேட்டேன். அவள் விளக்கின் வெளித் தகரத்தில் கையைப் பதித்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

“இல்லீங்க அண்ணா,” என்றாள். “புடிக்கறாப்பலதான் இருக்குதுங்க.”