தலையாட்டும் பூச்சிகள்

டண்டினொங், மெல்பேர்ண்
12 ஆடி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கட கால் வீக்கம் வத்திட்டுதோ? தம்பி பொழுதுபட முதல் வீட்டை வந்திடுறானோ?

இஞ்ச ஒரு பகிடி நடந்தது. எங்கட ஆய்வுகூடத்தில கம்பியூட்டருக்குள்ள பூச்சி வளர்க்கிறம். படங்கள்தான், ஆனா இரை தேடும், குஞ்சு பொரிக்கும், ஏலாதது அழியும். ஒண்டுக்கொண்டு உதவட்டும் எண்டு, இரை களவெடுக்கிற பூச்சியைக் கண்டால் தலையை ஆட்டிக் காட்ட நான் பழக்கினனான். காட்டுப்பட்டதை கம்பியூட்டர் அழிச்சுப்போடும்.

போன கிழமை இரையைக் குறைச்சம். உடனே அதுகள், ஒரு பிழையும் செய்யாமப் பக்கத்தில நிண்டதைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிட்டுதுகள். செத்ததின்ர இரை தலையாட்டினதுக்கு. இப்ப ஆட்டுறதுகள்தான் மிச்சம்.

பேராசிரியருக்குச் சந்தோசத்தில ஒரே புளுகம். "உங்கட பாஷையில இதுக்குப் பேர் இருக்கோ?" எண்டார். வாய் தவறி "தலையாட்டி" எண்டிட்டன். ஆமியின்ர சுற்றிவளைப்பில முகத்தைச் சாக்கால மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆக்களைக் காட்டிக்குடுக்கிறவன் எண்டு சொல்லேல்லை. இப்ப எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு அந்தச் சொல்லைச் சொல்லுகினம். ஆரும் சொல்லிக்குடுக்கேல்லை அம்மா, அதுகள் தாங்களாப் பழகினதுகள்.

ஆரும் வந்தால் உங்கட கையால இடிச்ச மிளகாய்த்தூள் கொஞ்சம் குடுத்துவிடுங்கோ. யோகா அன்ரி அங்க வாறா, இதை அவவின்ர கையில குடுத்துவிடுறன். வாசிச்சிட்டு அடுப்பில போட்டு எரிச்சுப்போடுங்கோ.

பக்கத்து வீட்டுக் கனகலிங்கத்தாரோட வேலிச் சண்டை இனி வேண்டாம். அவர் சொல்லுற இடத்திலயே வேலிக் கதியாலை நடட்டும். காணி போனாப் போகட்டும். தம்பியை, அவரைக் கண்டால் சிரிக்கச் சொல்லுங்கோ.

உங்கட மகன்,
பிரணவன்