தோதான லாரி

நவம்பர் 5, திங்கள்

திடலில் வருஷாவருஷம் இந்த நாளில் ஊரே கூடி மூட்டுகிற நெருப்பு அணைந்து, ஹேஸல் கடைசி மத்தாப்பையும் கொளுத்திவிட்டுப் பல் துலக்கப் போன பிறகு டங்கன் வந்து சேர்ந்தான். மகள் எங்கே என்று கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் சொன்னது இதுதான்: "நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு."

புதுக் கார் கேலனுக்கு இத்தனை மைல் ஓடியதாம். பெட்ரோலை லிட்டரில் போட்டுக்கொண்டு பெருமையைக் கேலனில் அடிப்பது இந்த ஊர் ஆண்களின் வியாதி. பக்கத்து வீட்டு நெவில் முப்பத்தெட்டு என்றால் என் புருஷனுக்கு நாற்பது வேண்டும். சே.

நவம்பர் 10, சனி

காலையிலிருந்து கார் கழுவல். முந்நூறு குதிரைத்திறன். பெற்ற பிள்ளையைக்கூட இப்படித் துடைத்ததில்லை.

செப்டம்பரில் வாங்கும்போது என்னவெல்லாம் சொன்னான்! "பழைய டீசல்ல லிவர்பூல்லேருந்து வர்றதுக்குள்ள பொழுதே போயிடுது லோர்னா. இது பறக்கும். ஹேஸல் தூங்குறதுக்கு முன்னாடி தினமும் நானே கதை படிப்பேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தலையாட்டினேன். ஏழு வயதுக் குழந்தை, அதுவும் நம்பியது.

பழைய டீசலில் ஏழே காலுக்கு வந்தவன் இப்போது எட்டுக்கு வருகிறான். பறக்கிற வண்டியை வாங்கி, லாரிக்குப் பின்னால் ஐம்பத்தாறு மைல் வேகத்தில் உருட்டிக்கொண்டு வருகிறான். லாரி காற்றைத் தடுக்குமாம், பெட்ரோல் மிச்சமாம். எதற்கு மிச்சம், யாருக்கு மிச்சம்?

நவம்பர் 23, வெள்ளி

ஏசி பெட்ரோலைக் குடிக்கிறதாம், போடக் கூடாதாம். ஆவி படிந்த கார்க் கண்ணாடியைத் துடைக்க என் நல்ல ஸ்கார்ஃபை எடுத்திருக்கிறான். அதில் இறைச்சி பஃப் நாற்றம் அடிக்கிறது. குப்பையில் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 11, செவ்வாய்

பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம். ஹேஸல் மூன்றாவது ஆடு. பக்கத்து நாற்காலியில் என் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். மேடையிலிருந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முறை வந்தபோது கத்தவே மறந்துவிட்டாள்.

எல்லோரும் டீ குடித்து முடிக்கும்போது வந்தான். வழியில் நெரிசலா என்று கேட்டேன். ஒரு பொய் சொல்லக்கூட வக்கில்லை. "இல்லையே, ரோடு காலியாத்தான் இருந்துச்சு. அதான் நாப்பத்திமூணு."

"நாப்பத்திமூணு நல்லதாப்பா?" என்றாள் ஹேஸல், தலையில் பஞ்சுக் காதுகளோடு.

"பிரமாதம்டா கண்ணு."

அவள் கை தட்டினாள்.

ஜனவரி 15, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு லிவர்பூல் அனுப்பியிருக்கிறார்கள். டங்கனோடு போய் டங்கனோடு திரும்பல். அதுவரை ஹேஸல் பிரெண்டா வீட்டில். ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள், நல்ல மனுஷி.

காலையில் மோட்டார்வேயில் ஏறியதும் கணக்கைப் பூஜ்யமாக்க ஒரு பொத்தானை அழுத்தினான். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான் பாருங்கள்! வலது ஓரப் பாதையை விட்டு இறங்கவே இல்லை. லாரிகளெல்லாம் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. கதவுப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து கடல் வரைக்கும் இறக்கம், அப்படியும் இருபத்தேழுதான் காட்டியது. இன்று ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேறு ஆள். பாதி வழியில், வண்டிகள் இளைப்பாறுகிற சர்வீஸ் நிறுத்தத்தில் நுழைந்து, லாரிகள் வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினான். எதற்கு என்றேன்.

"தோதான லாரி வரணும்."

முதுகு உயரமாக இருக்க வேண்டுமாம், டிரைவர் நிதானமானவனாக இருக்க வேண்டுமாம். இரண்டு போயின. ஒன்று குட்டையாம், இன்னொன்று ஆடுகிறதாம். ஷூவைக் கழற்றிவிட்டு, ரேடியோவை மெல்லப் போட்டு, பஃப் தின்றான். வயிற்றின் மேலெல்லாம் துகள். அந்த முகம்! அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் வீட்டில் எந்த அறையிலும் பார்த்ததில்லை. பிரெண்டா வீட்டில் குழந்தை பைஜாமாவோடு எங்களுக்காக உட்கார்ந்திருக்கும் என்று நினைவுபடுத்தினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த லாரியில் போய்விடலாம் என்றான்.

ஜனவரி 16, புதன்

அதேதான். இறக்கத்தில் இருபத்தேழு, மேட்டில் நாற்பத்திரண்டு. அவசரம் நேற்றைக்கு மட்டும் இல்லை.

ஜனவரி 17, வியாழன்

இன்று காலை அலுவலக வாசலுக்குப் போனபோது காவலாளி இன்னும் கேட்டைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு வண்டி இல்லை. டங்கனுக்கு வேலை ஒன்பதுக்குத்தான். கேட்டுக்கு முன்னால் இஞ்சினை அணைத்துவிட்டு, ஷூவைக் கழற்றினான்.

நாள் முழுக்க வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

திரும்பும்போது, லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "போறதுக்கு இருபத்தேழு, வர்றதுக்கு நாப்பத்திரெண்டு. உனக்குப் பெட்ரோல் பெரிசில்ல டங்கன். வீட்டுக்கு வரப் பிடிக்கல. அதானே?"

அவன் வைப்பரைப் போட்டான். ராச்டேல் பக்கம் அந்த லாரி கிளைச்சாலையில் இறங்கிப் போய்விட்டது. முன்னால் ரோடு சுத்தமாகக் காலி. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மிச்சம் பிடிக்கவும் ஒன்றுமில்லை. அவன் வேகத்தைக் கூட்டவில்லை.

நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 18, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. அவன் தட்டைக் கழுவக்கூடக் கை கூசுகிறது.

பிப்ரவரி 24, ஞாயிறு

லிவர்பூலில் அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பிடித்துவிட்டான். துணிமணியெல்லாம் பின்சீட்டில். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. மூச்சு முட்டுகிறது என்றான், உன்னால் இல்லை என்றான். பின்னே யாரால், குழந்தையாலா? அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். சனிக்கிழமைகளில் வருவானாம்.

நெவில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, வண்டி இப்போது எவ்வளவு தருகிறது என்று என்னிடம் விசாரித்தான். இனிமேல் செலவே இருக்காது, நிற்கத்தான் போகிறது என்றேன். அதற்கும் சிரித்தான்.

மார்ச் 23, சனி

மதியத்துக்கு மேல் வந்தான். வழக்கம்போல. ஹேஸல் போட்ட கோட்டைக் கழற்றாமலே ஜன்னலில் தூங்கிப்போனாள். சீ.

மே 4, சனி

பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். பன்னிரண்டுக்குக் குறையாது என்று நான் ஹேஸலைக் குளிக்கக்கூட அனுப்பவில்லை. டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டிருந்தோம், சந்துக்குள் அவன் கார்ச் சத்தம் கேட்டது. மணி பத்துகூட ஆகவில்லை.

ஹேஸல் வெறுங்காலோடு ஓடி, முன்சீட்டில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, பதறிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இருபத்தி ரெண்டுதாம்மா வந்திருக்கு. அப்பாவைத் திட்டாத."

லிவர்பூலிலிருந்து அவ்வளவு மேடும் ஏறி, எந்த லாரிக்குப் பின்னாலும் ஒதுங்காமல், இருபத்திரண்டு. அவன் வாசலில் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான். சட்டையில் பஃப் துகள் எதுவும் இல்லை.

இதற்கு வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்ததா, மடையா? கேட்கவில்லை. அவன் மேல் இருக்கிற கசப்பு ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

ஹேஸல் குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. பைஜாமாவோடு மாடிக்கு ஓடிப்போய்க் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.