ஜெஃப்ரி போட்ட லைனில் குறை இல்லை

தூத்துக்குடி,
பிப்ரவரி 9.

அன்பு மகன் ஷாமுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஜெபசுதாவும் பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், பிறகு சிக்னல் இல்லை என்பாய், அதனால்தான் கடிதம். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முழுவதும் வாசி.

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஏணி ஏறி இறங்கிய அப்பாவின் முழங்காலுக்கு என்று சிகாகோவிலிருந்து ஒரு மின்சார ஒத்தடப் பட்டை கொடுத்தனுப்பினாயே, அதன் வயரில் ஒட்டியிருந்த விவரச் சீட்டை அன்றைக்கே பார்த்தேன். 120 வோல்ட், 0.5 ஆம்பியர். நம் வீட்டுக்கு வருவது 230. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 240 ஓம், இரண்டையும் பெருக்கினால் 60 வாட், அந்தச் சூட்டுக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதே 240 ஓமுக்கு 230 வோல்ட்டைக் கொடுத்தால் ஏறக்குறைய 0.96 ஆம்பியர் ஓடும், 220 வாட் வரும். வோல்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் ஆம்பியரும் கூடவே ஏறுவதால் சூடு நாலு மடங்குக்குப் பக்கத்தில் போய்விடும். இதைத்தான் உன்னிடம் போனில் சொன்னேன். நீ சிரித்தாய். "அம்மா, இன்னும் டீச்சராவே பேசாதீங்க, பின்னுதான் வேற, ஒரு அடாப்டர் வாங்கிச் சொருகுங்க, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றாய். அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பத்தாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டவன்தானே நீ? எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அமெரிக்காவில் இன்ஜினியராக இருக்கிறவன் சொல்கிறானே என்று என் கணக்கை மடித்து வைத்துவிட்டு நானே அடாப்டர் வாங்கி நானே சொருகினேன். அதற்காக என்மேல் எனக்கு இருக்கும் கோபம் தனி.

போன மாதம் பதினெட்டாம் தேதி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா பட்டையைக் கட்டிக்கொண்டு கண் அசந்தார். அது நழுவிக் கெண்டைக்காலில் கிடந்திருக்கிறது. சர்க்கரையால் அந்தக் கால் மரத்துப் போய் வருஷக்கணக்காகிறது, உனக்கும் தெரியும். கருகல் வாசனை வந்ததும் நான் அடுப்பில்தான் ஏதோ என்று முதலில் அடுக்களைக்கு ஓடினேன். திரும்பி வந்து பட்டையை எடுத்தால் தோலும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் விழித்தவர், "ஏளா, என்ன கருகுது?" என்று என்னைக் கேட்டார். பதினாறு நாள் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது என்று டாக்டர் நேற்றுதான் வாய் திறந்து சொன்னார்.

இதற்கு நடுவில் நீ செய்த காரியம்தான் எனக்கு ஆறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சபை வாட்ஸப் குரூப்பில், ஜெஃப்ரி செய்த மட்டமான ஒயரிங்கால் என் அப்பா வெந்து கிடக்கிறார், யாரும் அவனைக் கூப்பிடாதீர்கள் என்று எழுதினாய். அவர் போட்டுக் கொடுத்த நம் வீட்டு லைன் பதினொரு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. சபை மண்டபத்துக்கு ஒயரிங் செய்ய அவரிடம் சொல்லியிருந்ததை மறுநாளே வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மனைவி ஜெஸ்லின் பாடகர் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஜெஃப்ரி சண்டைக்கு வரவில்லை, மீட்டரோடு வந்தார். பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தார், 229 வோல்ட். பட்டையைத் தனியாக எடுத்து அதன் பின்னில் வைத்துப் பார்த்தார், 239 ஓம். "டீச்சர், லைனும் சரியாத்தான் இருக்கு, பட்டையும் சரியாத்தான் இருக்கு. ரெண்டையும் சேத்ததுதான் தப்பு" என்றார். குரல்கூட உயரவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சபைச் செயலாளர் பொன்னுதுரை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "ஒங்க மகன் இன்ஜினியரு, தெரியாமலா சொல்லுதான்? நீங்க மனசு கேக்காம பேசுதீய" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கை எழுதிப் படம் எடுத்து, சொருகியது நான்தான், ஜெஃப்ரிமேல் தப்பில்லை என்று குரூப்பில் போட்டேன். நீ பார்த்துவிட்டாய் என்று போனே காட்டுகிறது. நாலு நாளாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. அப்பா, "பய மனசு நொந்துருவான், விடுளா" என்கிறார். நான் விடமாட்டேன். நீ எழுதியதை அழித்தால் போதாது. முதலில் ஜெஃப்ரியிடம் பேசு, அவர் திட்டினால் கேட்டுக்கொள். பிறகு அதே குரூப்பில் உன் பெயரில் தப்பு என்னுடையது என்று எழுது. ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து டிரெஸ்ஸிங்குக்கு ஆட்டோவில் ஏற்றுகிறவர் யார் என்று நீ ஒருதரமும் கேட்கவில்லை. ஜெஃப்ரிதான்.

அங்கே பனி கொட்டுகிறது என்றாய், பிள்ளைக்குக் காதை மூடி வெளியே கூட்டிப் போ. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாய். ஜெஃப்ரியிடம் பேசிவிட்டு டிக்கெட் போடு.

உன்மேல் பாசம் குறையாத,
அம்மா
ஜெயசெல்வி