அக்காவின் முனகல்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் மாஸ்டருடைய செல்போன் குப்பையைத்தான் பெருக்கினேன். சினிமாவுக்கு இசையமைக்கிறவர், காரில் போகும்போது வாய்க்கு வந்ததை ஹம் செய்து அனுப்பிவிடுகிறார். அதை மென்பொருளில் போட்டு மிடியாக மாற்றுவது என் வேலை. மிடியில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் — அவ்வளவுதான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து விழும். அப்புறம் அதைக் குழலாக்கலாம், வயலினாக்கலாம், என்ன கழுதையாக வேண்டுமானாலும் ஆக்கலாம். குரல் எது, கார் ஹாரன் எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. மாஸ்டர் மூச்சு வாங்கினால் ஒரு சுரம். தும்மினால் இரண்டு. எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டுக் கேட்டால், போன வருஷப் பாட்டேதான்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு என் ட்யூன் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்குடா. அதான் பிரச்சனை. பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினாறு வருஷமாகச் சிரிக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

அக்கா என் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். மூளையில் ரத்தக் கசிவு. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு அடியோடு போய்விட்டது. அத்தானும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவளுக்கு நான்தான். ஜெராக்ஸ் கடையில் கால் வீங்க நின்று என்னை ஆளாக்கியவள், இதை நான் மறக்கவில்லை.

பிசியோதெரபி செய்யும் பெண் செவ்வாய், வியாழன், சனி வருகிறாள். அக்காவின் வலது தோள் இறுகிக் கிடக்கிறது. கையைத் தாங்கிப் பிடித்து, அவசரமே இல்லாமல் மேலே தூக்குகிறாள். இன்று தோள் உயரத்தைத் தாண்டியதும் அக்கா முனகினாள். வலி முனகல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைத் திறக்காமல், ஒரு மெட்டு. நான் எங்கேயும் கேட்டதில்லை.

"பேச்சு போனவங்க சில பேரு பாடுவாங்க சார்," என்றாள் பிசியோ. "வலியத் தாங்கிக்க அக்காவுக்கு இதான் புடிமானம் போல."

போனில் பதிவு செய்துகொண்டேன். டாக்டரிடம் காட்டத்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டாக்டரிடம் காட்டவில்லை. மென்பொருளில் போட்டேன்.

முப்பத்தெட்டு கட்டங்கள். பொறுக்கி எறிய ஒன்றுமே இல்லை. ஏறப்போகிறாள் என்று காத்திருக்கும் இடத்தில் ஏறாமல் நிற்கிறாள். சரி, நிற்கிறாள் என்று நினைக்கும்போது மளமளவென்று இறங்குகிறாள். மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். சுரத்துக்குச் சுரம் அவள் வழுக்கிக்கொண்டு போகும் இடங்களை மென்பொருள் படிக்கட்டாக வெட்டிப்போட்டிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளைத்துச் சரிசெய்தேன். தாளத்தில் முன்பின்னாக இருந்ததை நேராக்கினேன். குழல் வைத்தேன்.

ஃபைலுக்குப் பெயர் கேட்டது. என் பெயரைப் போட்டேன். ஏன்? எல்லா ஃபைலுக்கும் என் பெயரைத்தானே போடுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"எங்கேருந்துடா புடிச்ச?"

"திடீர்னு வந்துச்சு மாஸ்டர்."

"இத்தன வருஷம் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த? இன்னும் நாலு குடு. டைட்டில்ல உன் பேரு வரும், என் பேருக்குப் பக்கத்துல."

தோளில் தட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

சும்மா இருக்கும்போது அக்கா முனகுவதில்லை. டிவி போட்டேன். பழைய பாட்டு போட்டேன். நானே பக்கத்தில் உட்கார்ந்து பாடியும் பார்த்தேன் — ம்ஹும், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிசியோ வந்து கையைத் தூக்கினால்தான். அதுவும் தோளுக்கு மேலே போனால்தான்.

பிப்ரவரி 15, சனி

தினமும் வர முடியுமா என்று பிசியோவிடம் கேட்டேன்.

"தினம் பண்ணா தசை தாங்காது சார்."

"அப்ப இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பாருங்களேன்."

"எதுக்கு?"

"சீக்கிரம் குணமாகணும்ல."

பொய் இல்லை. குணமாகத்தானே வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பிசியோ பிடிக்கும் விதத்தைப் பார்த்துவைத்திருந்தேன். ஒரு கை முழங்கைக்கு அடியில், ஒரு கை தோள்மேல். தலையணைப் பக்கம் நல்ல மைக்காக ஒன்றை நிறுத்திவிட்டு நானே செய்தேன்.

முதலில் அக்கா சிரித்தாள். பாதி முகம்தான் சிரிக்கும். தம்பி பார்த்துப் பார்த்துச் செய்கிறான் என்று நினைத்திருப்பாள். தோள் உயரம். அதற்கு மேல். முனகினாள். முன்னதைவிட நன்றாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மெட்டு அந்தரத்தில் நின்றுவிடுமே என்று இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஒன்பது நிமிடம். இரண்டு மெட்டுகள் தேறின.

பிப்ரவரி 19, புதன்

நடுவில் ஒரு தடவை கத்திவிட்டாள். திரையில் மற்றவற்றுக்கெல்லாம் மேலே, தனியாக, நீளமாக ஒரு கட்டம். அழித்தேன். அழித்த பின் மெட்டு சுத்தமாக இருந்தது.

பிப்ரவரி 22, சனி

மாஸ்டர் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். "கேட்டா அழுக வருதுடா. உனக்குள்ள என்னடா சோகம்?" என்றார். எனக்குள் என்ன சோகம்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து மைக் ஸ்டாண்டை எடுத்தேன். அதைப் பார்த்ததுமே அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளையிலிருந்து ஸ்டாண்டு வேண்டாம். மைக்கைத் தலையணைக்குப் பின்னால் வைத்துவிட்டால் தெரியாது.

பிப்ரவரி 25, செவ்வாய்

பிசியோ ஒரு புது வித்தை சொல்லிக்கொடுக்கிறாள். இடது கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டு, சொல்லைப் பாட்டாக இழுக்க வேண்டும். "தண்-ணி வே-ணும்." பாட்டு வழியாகவே பேச்சு திரும்பலாமாம். அக்கா உதட்டைக் குவிக்கிறாள், எச்சில் வழிகிறது, சொல் வரவில்லை. பிசியோ துடைத்துவிட்டு மறுபடி தட்டுகிறாள். நல்ல பொறுமைசாலி.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா பேசினாள்.

கையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, மெட்டோடு, "தம்-பி... வே-ணாம்."

இத்தனை மாதத்தில் முதல் சொல். உடனே கைய விட்டிருக்கணும். விடல. மறுபடி சொல்லுவாளான்னு பாத்தேன் — சொன்னா. நாலு தடவ சொன்னா. நாலாவது தடவதான் சுரம் ஒழுங்கா விழுந்துச்சு. அதுக்கப்புறம் தோள்ல என்னவோ நழுவின மாதிரி கைக்குத் தெரிஞ்சுது. விட்டுட்டேன். அப்பத்தான் விட்டேன்.

மென்பொருள் சொல்லை எடுத்துக்கொள்வதில்லை, சுரத்தை மட்டும்தான். திரையில் நான்கு கட்டங்கள் அழகாக நின்றன. வேணாம் என்பது எங்கேயும் இல்லை. சரணத்தின் தொடக்கத்தில் வைத்தேன்.

மார்ச் 3, திங்கள்

"சரணம் எடுக்குதே, அந்த நாலு சுரம்! யாரோ யாரையோ கெஞ்சுற மாதிரி இருக்குடா. பாட்டுக்கு உயிரே அதான்."

ஆமாம் மாஸ்டர் என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிசியோ அக்காவின் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். தோள் வீங்கி, முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது.

"என்னாச்சு சார்?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க."

அவள் தரையில் மண்டியிட்டு அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பாடுங்க. நான் தட்டுறேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பாடினாள். தம்-பி வே-ணாம். அதே நாலு சுரம், ஒன்றுகூடப் பிசகவில்லை.

பிசியோ தலையணையை நகர்த்தினாள். மைக்கை எடுத்துக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எட்டு வருஷமா வீடு வீடா போறேன் சார். அடிக்கிற வீட்டப் பாத்திருக்கேன். பட்டினி போடுற வீட்டப் பாத்திருக்கேன். இது என்னன்னே எனக்குப் புரியல."

நான் விளக்கப் பார்த்தேன். 'பாட்டு' என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள்.

மார்ச் 5, புதன்

அக்காவின் நாத்தனார் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிசியோ போன் செய்திருக்கிறாள். காலையிலேயே அக்காவை அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தோளில் தசைநார் கிழிந்திருக்கிறதாம்.

"எங்க அண்ணிய இனிமே நான் பாத்துக்கறேன். அவங்க துணிமணிய எடுத்து வைங்க."

எடுத்துவைத்தேன். ஒவ்வொன்றாக மடித்து, மருந்துச் சீட்டு உட்பட. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சொல்வதற்குப் பதில் வைத்திருந்தேன்.

மே 20, செவ்வாய்

பாட்டு வெளிவந்து பத்து நாள். முடி வெட்டும் கடையில் ஓடுகிறது, மருந்துக் கடையில் ஓடுகிறது, மேல்வீட்டுக்காரர் குளிக்கும்போது பாடுகிறார். சொன்ன சொல் தவறாமல் மாஸ்டர் என் பெயரைப் போட்டுவிட்டார். அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருந்திருந்தால் கேட்டவுடன் கண்டுபிடித்திருப்பாள், இது பெரியவள் குரல் என்று.

அடுத்த படத்துக்கு ஆறு மெட்டு கேட்கிறார். நானே ஹம் செய்து மென்பொருளில் போட்டேன். கட்டங்கள் ஒழுங்காக வரிசையில் விழுந்தன. எல்லாம் எங்கேயோ கேட்டவை.

ஜூன் 8, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரத்தான்.

இரண்டாம் மாடி. மாடிப்படி ஏறும்போதே அக்காவின் குரல் கேட்டது. "ஜன்-னல மூ-டு, வெயி-லு வரு-து." நாத்தனாரும் அதே மெட்டில், "மூ-ட மாட்-டேன் போங்-க அண்-ணி" என்று திருப்பிப் பாட, இரண்டு பேரும் சிரித்தார்கள். எவ்வளவு லேசான மெட்டு. வலியே இல்லாத மெட்டு. இப்படி ஒன்று அவளிடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கதவைத் தட்டிக் கூப்பிட்டேன்.

அக்கா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். வலது கை கழுத்தில் மாட்டிய பட்டையில் கட்டியிருந்தது, முகத்தில் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். இறுக்கமாக, விரல் வெளுக்கும் அளவுக்கு.

நான் எதிரில் உட்கார்ந்து பேசினேன். எந்தெந்தக் கடையில் பாட்டு ஓடுகிறதென்று சொன்னேன். அவள் கண் சிமிட்டக்கூட இல்லை, கையை எடுக்கவுமில்லை. கடைசியில் நாத்தனார் என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"பாத்தாச்சுல்ல? கெளம்புங்க. நீங்க இருக்குற வரைக்கும் அவங்க கைய எடுக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். அவர்கள் பாட்டு நின்ற பிறகு, கதவைத் தட்டுவதற்குச் சற்று முன்னால் பதிவை ஓடவிட்டிருந்தேன். பதினோரு நிமிடம். மென்பொருளில் போட்டேன். ரொம்ப நேரம் தேடியது. பேச்சையெல்லாம் சலசலப்பென்று தள்ளிவிட்டு, கடைசியில் இரண்டே இரண்டு கட்டங்களைக் கண்டுபிடித்தது.

போட்டுக் கேட்டேன். வாசலில் நின்று நான் "அக்கா... அக்கா" என்று கூப்பிட்டது.