வராமல் போன பார்ன்ஸ்லிப் பேச்சு

அன்புள்ள அம்மா,

நீ நலமா? அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே பல்கலைக்கழகத்தில், ஆங்கில மொழிப் பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படை ஆண்டில், அவரவர் ஊர்ப் பேச்சைப் பதிவு செய்துவரச் சொன்னார்கள். என்னுடையதைக் கேட்ட ஆசிரியை பிலிப்பா, "செய்தி வாசிக்கிற மாதிரில்ல இருக்கு. உங்க பார்ன்ஸ்லி ஊர்ப் பேச்சு எங்க போச்சு, லியான்?" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். அறைக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் பேசினேன். நம் பேச்சு வரவேயில்லை. தனியாகப் பேசினால் வராது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி பதிவு செய்து கொடுக்க வேண்டும். போன் செய்து என்னைத் திட்டு. நான் எதிர்த்துப் பேசும்போது நம் பேச்சு தானாக வந்துவிடும், அதைப் பதிவு செய்துகொள்வேன். நலம் விசாரித்துவிட்டு உடனே வைத்துவிடாதே. திட்டக் காரணம் வேண்டுமென்றால், இங்கே குளிர் வந்துவிட்டது, நான் இன்னும் கோட்டு வாங்கவில்லை.

அவசரமாக,
லியான்